இடது கண் திறக்காத வண்டி

இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் அந்தச் சிவப்பு வண்டியின் பானெட் மேல் கை வைத்துச் சத்தியம் கேட்கலாம். சூடாக இருந்தால் ஒரு துணியை மடித்துப் போட்டுக்கொள்ளட்டும்.

வண்டி ட்ரம்பெட் அம்மாவுடையது. வாழ்நாள் முழுக்க ஒரு பேண்டு குழுவில் ட்ரம்பெட் ஊதிவிட்டு ஓய்வு பெற்றவர். அவருடைய மூச்சைப் பற்றி ஊரில் ஏகப்பட்ட புளுகு உலவுகிறது, அதையெல்லாம் விட்டுவிடலாம். நடந்ததை மட்டும் சொன்னால் போதும். ஒருமுறை பேண்டு ஊர்வலம் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. கீழே ஆற்றில் ஒரு பாய்மரப் படகு காற்றில்லாமல் நடு நீரில் நின்றுபோயிருந்தது. ட்ரம்பெட் அம்மா கைப்பிடிச் சுவரின் மேல் சாய்ந்து ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தார். படகு கரை சேர்ந்துவிட்டது. தாளம் தவறிவிட்டது என்று பேண்டு மாஸ்டர் அன்று மாலை வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் இருந்த அந்தக் கார் பழைய காலத்து இரண்டு கதவு வண்டி. மூக்கு தட்டையாக இருக்கும். ஹெட்லைட் இருக்கவேண்டிய இடத்தில் வழவழவென்று தகடுதான் தெரியும். டேஷ்போர்டில் ஒரு குமிழ். அதை இழுத்தால் இரண்டு பக்கமும் மூடி திறந்து, உள்ளே படுத்திருக்கும் விளக்குகள் எழுந்து உட்காரும். அவற்றைத் தூக்க மோட்டார் கிடையாது. எஞ்சின் ஓடும்போது காற்றை உள்ளே உறிஞ்சுகிறதே, அந்த உறிஞ்சலைத்தான் மெக்கானிக்குகள் வேக்குவம் என்கிறார்கள். அதில் கொஞ்சம் ஒரு தகர டப்பாவில் சேர்ந்திருக்கும். டப்பாவிலிருந்து மெல்லிய ரப்பர் ட்யூப் வழியாக ஒவ்வொரு விளக்கின் அடியிலும் இருக்கும் ஒரு சின்ன டிரம்முக்கு அந்த உறிஞ்சல் போகும். டிரம்முக்குள் ஒரு ரப்பர் தோல். அது உள்வாங்கினால் கம்பி இழுபடும், விளக்கு எழும். அவ்வளவுதான் சங்கதி. எஞ்சின் இல்லையென்றால் வேக்குவம் இல்லை, வேக்குவம் இல்லையென்றால் விளக்கு இல்லை.

அந்த வண்டியில் ஒரு நாள் வலது விளக்கு எழுந்தது, இடது எழவில்லை. அன்றிலிருந்து வண்டி போகிற இடமெல்லாம் கண்ணடித்துக்கொண்டே போனது. நாற்சந்தியில் நின்ற போலீஸ்காரர் பதிலுக்குக் கண்ணடித்தார். பின்னால் வந்த லாரி அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்விட்டது. ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் பல வருடமாகப் பேச முடியாமல் தவித்த தையல்காரியிடம், "நீங்கதானே கண்ணடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற வண்டிதான் அடித்தது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். இருந்தாலும் அவள் மறுக்கவில்லை. இப்போது அவர்களுக்கு இரட்டைக் குழந்தைகள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் மட்டும், இந்த வயதில் தன்னைப் பார்த்து ஒரு கார் கண்ணடிக்கிறது என்று புகார் கொடுத்தார். வண்டி கொட்டகைக்குள் இருந்த வாரத்தில், ஏன் கண்ணடிக்கவில்லை என்று வந்து விசாரித்துவிட்டுப் போனவரும் அவரே.

இதெல்லாம் தமாஷாகவே போயிருக்கும், வருடாந்திர சோதனை மட்டும் வராமல் இருந்திருந்தால்.

வண்டி சோதனை நிலையத்தின் இன்ஸ்பெக்டர், ட்ரம்பெட் அம்மாவின் ஒரே மகளைக் கட்டியவர். மாமியார் வண்டியை மாப்பிள்ளை பார்க்கிறார் என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் அல்லவா? அந்தப் பேச்சுக்குப் பயந்தே மனிதர் சொந்தக்காரர்களின் வண்டிகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். தன்னைப் பெற்ற அப்பாவின் ஸ்கூட்டரை ஹாரன் கரகரக்கிறது என்று திருப்பி அனுப்பியவர். அப்பா, தனக்கே தொண்டை கட்டியிருப்பதாகவும், ஒலித்தது ஹாரன் அல்ல தன் இருமல்தான் என்றும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை.

குமிழை இழுத்ததும் ஒரு கண் மட்டும் திறந்ததைப் பார்த்து இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"அத்தை, வர்ற புதன்கிழமை வரைக்கும்தான் டைம். ரெண்டு விளக்கும் ஒண்ணா எழுந்திரிக்கணும். இல்லைன்னா நம்பர் பிளேட்டைக் கழட்டிருவேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

"நான் எதுக்கு மாப்பிள்ளை தப்பா நினைக்கப்போறேன்? கழட்ட வரும்போது ஸ்க்ரூ டிரைவரை மட்டும் நீங்களே கொண்டு வந்துடுங்க. எங்க வீட்டுது தரமாட்டேன்."

இன்ஸ்பெக்டர் நல்லவர்தான். குரலைத் தணித்துக்கொண்டு ஒரு வழியும் சொன்னார். விளக்கு இரண்டையும் தூக்கி நிறுத்தி ஆளுக்கொரு போல்ட் போட்டு முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது, எழவும் வேண்டாம் படுக்கவும் வேண்டாம், நானே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன் என்றார். ட்ரம்பெட் அம்மா, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் பிராணியைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டு, ஒற்றைக் கண் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

வீம்பு என்று மகள் சொன்னாள். ஆனால் விஷயம் வேறு. பிளேட் போனால் என்ன நடக்கும் என்று ட்ரம்பெட் அம்மாவுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் சாம்பல் நிறக் காரின் பின் சீட்டில் கிடந்த குடை, செருப்பு, பழைய பத்திரிகை எல்லாவற்றையும் மகள் ஏற்கெனவே அப்புறப்படுத்தியிருந்தாள். முதுகுக்கு ஒரு தலையணைகூட வந்துவிட்டது. எங்கே போகவேண்டும் என்றாலும் நாங்கள் கூட்டிப்போகிறோம் அம்மா என்று அன்பொழுகச் சொல்லியிருந்தாள். அந்தத் தலையணையைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு முதுகு வலிக்கத் தொடங்கியது. பேண்டில் எப்போதும் முன்வரிசையில் நடந்தவர் அவர். பின் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக மற்றவர்களின் பிடரியைப் பார்த்துக்கொண்டு மிச்சக் காலத்தைத் தள்ளுவதா?

கொட்டகைக்குள் புகுந்து சேலையை இழுத்துச் செருகினார்.

முறையாகத்தான் தேடினார், அதில் குறை சொல்ல முடியாது. இடது டிரம்மைக் கழற்றி வலது பக்கம் மாட்டினார், வலதை இடதில் மாட்டினார். வலது விளக்குதான் எழுந்தது; ஆக டிரம்மில் குற்றமில்லை. குமிழுக்குப் பின்னால் இருக்கும் வால்வைப் பிரித்துத் துடைத்து மாட்டினார். தகர டப்பாவைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகு ஒவ்வொரு ட்யூபாகக் கழற்றி ஊதினார்.

இங்கேதான் கவனிக்கவேண்டும். ட்ரம்பெட் அம்மாவுக்கு எதையும் ஊதித்தான் பார்க்கத் தெரியும். புது டம்ளர் வாங்கினால் ஊதிப் பார்ப்பார். பேனாவை ஊதிப் பார்ப்பார். பெண் பார்க்க வந்த அன்று இப்போதைய இன்ஸ்பெக்டரின் தலையில் தூசி இருக்கிறது என்று ஊதியதில், சீவியிருந்த வகிடு இடம் மாறி இன்னும் திரும்பி வரவில்லை. அவர் கொள்கை இதுதான்: மூச்சு என்றால் வெளியே போவது, உள்ளே வருவது அதுவாக வரும், அதற்கு மனிதன் மெனக்கெட வேண்டியதில்லை.

வலது ட்யூபை ஊதினார். சீராகப் போனது. வால்வு ட்யூபை ஊதினார். வைப்பர் தானாக ஒரு சுற்றுச் சுற்றியது. டப்பாவுக்குப் போகும் ட்யூபை ஊதியபோது ஹாரன் அடித்தது, இருக்கை பின்னால் சாய்ந்தது, முந்திய சொந்தக்காரர் தொலைத்த மூக்குக் கண்ணாடி எங்கிருந்தோ வந்து மடியில் விழுந்தது. கடைசியாக இடது ட்யூபை ஊதினார். அடடா! தடையே இல்லை. இருப்பதிலேயே அதுதான் நல்ல ட்யூப் என்று நற்சான்று கொடுத்தார். அதில் ஓர் அணிவகுப்பு மெட்டை முழுக்க வாசித்தும் பார்த்தார். தெருவில் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவர்களை அறியாமல் கால் சேர்த்து நடந்து, பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி எஞ்சினைப் போட்டுக் குமிழை இழுத்தார். வலது எழுந்தது. இடது தூங்கியது.

ஊதினார், மாட்டினார், இழுத்தார். மறுபடி ஊதினார். நாட்கள் போய், புதன்கிழமை காலையும் வந்துவிட்டது. மாப்பிள்ளை வழக்கம்போல் ஆபீசுக்கு நடந்தே போய்விட்டதால் மகள் சாம்பல் நிறக் காரை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். பின் சீட்டில் தலையணை தயாராக இருந்தது. முன் சீட்டிலிருந்து இறங்கியவர் ட்ரம்பெட் அம்மாவின் தம்பி.

தம்பியை ஊரில் எல்லாரும் ட்யூப் என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் போட்டிருப்பதுபோல் அவர் கழுத்தில் எப்போதும் ஒரு கறுப்பு ரப்பர் ட்யூப் தொங்கும். அவருடைய தொழில் அடுத்தவர் வண்டியிலிருந்து பெட்ரோல் உறிஞ்சுவது. திருட்டு என்று சொன்னால் கோபம் வந்துவிடும்; வண்டிகளின் பாரத்தைக் குறைப்பது என்பார். ஒருமுறை வாய்க்குள் போன பெட்ரோலை மறந்து விழுங்கிவிட்டு, வீட்டுக்கு நடந்தே கிளம்பியவர், பேருந்தை முந்திக்கொண்டு போய்விட்டார். அது நடந்த பிறகுதான் தொழிலை விட்டார். ட்யூபை மட்டும் விடவில்லை.

அக்காவும் தம்பியும் பேசிப் பல காலம் ஆகிவிட்டது. ஒரு நாள் சிவப்பு வண்டியே நடுவழியில் பெட்ரோல் இல்லாமல் நின்றது. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"இவனை யாரு கூட்டிட்டு வரச் சொன்னது?" என்றார் அம்மா மகளிடம், தம்பியைப் பார்க்காமல்.

"மாமா சும்மா பார்க்கட்டும்மா. பார்த்தா என்ன தேய்ஞ்சா போயிடும்?"

"அவன் பார்த்த வண்டியெல்லாம் நடுவழியில நின்னுருக்கு."

தம்பி நேரே கொட்டகைக்குள் போனார். கழற்றி வைத்திருந்த இடது ட்யூபை எடுத்தார். சட்டையில் துடைத்தார். அக்கா ஊதுவதற்குத் தூக்கும் முனையை அவர் வேறு விதமாக, பழகிய கையோடு, உதட்டோரத்தில் செருகி ஒரு இழுப்பு இழுத்தார். கன்னம் இரண்டும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டன. கண் பிதுங்கியது. ட்யூப் நாக்கோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மகள்தான் பிடுங்கி எடுத்தாள்.

"அக்கா, இது அடைச்சிருக்கு."

"இப்பதானேடா ஊதினேன்? மெட்டே வாசிச்சேன்."

"நீ ஊதுற. வண்டி உறியுதுக்கா."



தம்பி கத்தியால் ட்யூபை நீளவாக்கில் கீறித் திறந்தார். வெளியே பார்க்க மினுமினுவென்று இருந்த ட்யூபின் உள்தோல் வயதாகிப் பெயர்ந்து, நாக்குபோல் தொங்கிக்கொண்டிருந்தது. ஊதினால் அந்த நாக்கு சுவரோடு ஒட்டிப் படுத்து, வாருங்கள் வாருங்கள் என்று வழிவிடும். உறிஞ்சினால் எழுந்து கதவைச் சாத்திக்கொள்ளும். எஞ்சின் எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறதோ அவ்வளவு இறுக்கமாகச் சாத்தும். இத்தனை நாளும் ட்ரம்பெட் அம்மாவை மரியாதையாக வரவேற்றுவிட்டு, அவர் முதுகு திரும்பியதும் வண்டியை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறது.

வேறு யாராவது இருந்தால் தவறை ஒப்புக்கொண்டிருப்பார்கள். ட்ரம்பெட் அம்மா கீறிய ட்யூபைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "என் மூச்சுல ஒரு குத்தமும் இல்ல. இதுதான் ஆளுக்கு ஒரு முகம் காட்டியிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லி, அதைக் குப்பைத் தொட்டியில் தலைகீழாகப் போட்டார்.

இப்போது புது ட்யூபுக்கு எங்கே போவது? சோதனை நிலையம் மதியத்தோடு சாத்திவிடுவார்கள். கடையில் கிடைப்பதெல்லாம் மெல்லியது. உறிஞ்சினால் தானே சப்பிப்போகும். தம்பி தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு மெதுவாக, மாலையைக் கழற்றுவதுபோல், கறுப்பு ட்யூபைக் கழற்றி நீட்டினார்.

"கனமான ரப்பர்க்கா. உறிஞ்சியே பழகினது. ஊதத் தெரியாது."

அக்கா வாங்கக் கை நீட்டியபோது அவர் சட்டென்று பின்வாங்கினார். போட்டுப் பார்க்காத சாமானை ஒருவருக்குக் கொடுத்துப் பழக்கமில்லை, ஒரு நிமிடம் சோதித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் போனார். திரும்பி வந்தபோது வாயைத் துடைத்துக்கொண்டே, ட்யூப் முதல் தரம் என்று சொன்னார். அதை அளவாக வெட்டி மாட்டினார்கள். எஞ்சின் உறுமியது. ட்ரம்பெட் அம்மா குமிழை இழுத்தார்.

இரண்டு கண்ணும் திறந்தன. மகள் கைதட்டினாள். தம்பி வெறுமையான கழுத்தைத் தடவியபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

சோதனை நிலையத்தில் அன்று நீண்ட வரிசை. சிவப்பு வண்டி முன்னால் வர, சாம்பல் நிறக் கார் எப்படியோ இருமிக்கொண்டு பின்னால் வந்து நின்றது. மாமியார் வண்டி என்று தெரிந்து எல்லா ஓட்டுனர்களும் இறங்கி வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வண்டிக்கு முன்னால் குனிந்தார். ட்ரம்பெட் அம்மா குமிழை இழுத்தார்.

அடைப்பு எதுவும் இல்லாத வேக்குவம் எப்படி இருக்கும் என்று அதுவரை அந்த வண்டிக்கே தெரியாது. விளக்குகள் எழுந்த வேகத்தில் இன்ஸ்பெக்டரின் தொப்பி கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. எஞ்சினை நிறுத்துங்கள், டப்பாவில் சேர்ந்த வேக்குவமே ஒரு தடவை தூக்கவேண்டும் என்றார் அவர். நிறுத்தினார். தூக்கியது. படுக்க வைத்தார், மறுபடி தூக்கியது. அப்படியே தூக்கிக்கொண்டே இருந்தது. ஜன்னல் திரைகள் எல்லாம் வண்டிப் பக்கமாகச் சாய்ந்தன. மேசையில் இருந்த ரப்பர் முத்திரை தானாக நகர்ந்து வந்து பானெட் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. இன்ஸ்பெக்டரின் மீசையின் ஒரு பாதி வண்டியை நோக்கித் திரும்பியது. அவர் அதைக் கையால் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். கடமை என்றால் அப்படி.

கடைசியில் நிமிர்ந்தார். "அத்தை, இடது விளக்கு ஒரு நூல் முந்தி எழுந்திரிக்குது."

"அதுல இருக்கிறது என் தம்பியோட ட்யூப், மாப்பிள்ளை. அவனுக்கு எப்பவும் அவசரம்."

"ரெண்டும் ஒண்ணா எழுந்திரிக்கணும்னு சொல்லியிருந்தேன். சட்டம் அத்தை. நான் என்ன பண்ண?" அவர் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். சொன்ன சொல் மாறாமல் சொந்த ஸ்க்ரூ டிரைவரையே கொண்டு வந்திருந்தார்.

ட்ரம்பெட் அம்மா கதவைத் திறந்து இறங்கினார். நம்பர் பிளேட்டுக்கு முன்னால் போய், முன்வரிசையில் நிற்கிறவர் போல் நிமிர்ந்து நின்றார்.

"கழட்டுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க ரெண்டு கண்ணையும் மூடித் திறங்க."

"எதுக்கு?"

"மூடுங்க மாப்பிள்ளை. இத்தனை பேர் பார்க்கிறாங்க. ஒண்ணா திறந்துட்டா பிளேட்டை நானே கழட்டித் தர்றேன்."

இன்ஸ்பெக்டர் சுற்றிலும் பார்த்தார். ஓட்டுனர்கள் நெருங்கி வந்து கழுத்தை நீட்டினார்கள். அவர் கண்ணை மூடினார். திறந்தார். வலது கண் சட்டென்று திறந்தது. இடது கண் தூக்கக் கலக்கத்தோடு, சோம்பல் முறித்து, கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. கூட்டம் ஓவென்று சிரித்தது. இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று அவர் பலமாக மூடித் திறந்தார். இடது இன்னும் தாமதித்தது.

"கல்யாணமான நாள்ல இருந்தே அப்படித்தான்" என்றாள் அவர் மனைவி, வரிசையின் பின்னாலிருந்து, யாரும் கேட்காமலே.

"இந்தக் கண்ணோட உங்களை ரோட்டுல விட்டிருக்காங்க" என்றார் ட்ரம்பெட் அம்மா. "என் வண்டி எவ்வளவோ தேவலை. அது முந்தித்தான் எழுந்திரிக்குது, பிந்தி இல்ல."

அதற்குச் சட்டத்தில் பதில் இருந்திருக்கலாம். ஆனால் வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் தங்கள் கண்களை மூடித் திறந்து, பக்கத்தில் இருப்பவரைச் சோதிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றாகத் திறக்கவில்லை. சட்டத்தை நிலைநாட்டினால் ஊரில் ஓர் ஆள்கூட வண்டி ஓட்ட முடியாது என்பதை இன்ஸ்பெக்டர் உணர்ந்தார். ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் வைத்தார். பானெட்டில் ஒட்டியிருந்த ரப்பர் முத்திரையைப் பிய்த்து எடுத்து, சான்றிதழில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

மதியம் நிலையத்தைப் பூட்டிவிட்டு அவர் தன் காரைக் கிளப்பப் பார்த்தார். அது கிளம்பவில்லை. மூடியைத் திறந்து டேங்குக்குள் எட்டிப் பார்த்தார். சுத்தமாகத் துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. ட்யூப் மாமா அந்த நேரம் பார்த்து வானத்தில் பறவை எதையோ கவனித்துக்கொண்டிருந்தார்.

சிவப்பு வண்டி பக்கத்தில் வந்து நின்றது. முன் சீட்டில் மகள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். ட்ரம்பெட் அம்மா இருக்கையை மடக்கிப் பின்பக்கம் வழிவிட்டார்.

"ஏறுங்க மாப்பிள்ளை. எங்க போகணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன். அந்தத் தலையணையை எடுத்துக்குங்க, முதுகுக்கு நல்லது."

இன்ஸ்பெக்டரும் ட்யூப் மாமாவும் முழங்காலை மோவாய்க்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு பின் சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பட்டப்பகல். ட்ரம்பெட் அம்மா குமிழை இழுத்து இரண்டு கண்ணையும் திறந்துவிட்டு, ஊர் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றித்தான் அவர்களை வீட்டில் இறக்கினார்.

ஒன்றை மட்டும் சொல்ல விட்டுவிட்டேன்: அந்தச் சிவப்பு வண்டியை ட்ரம்பெட் அம்மா வாங்கிக் கொட்டகைக்குக் கொண்டுவந்த நாளிலேயே அதில் எஞ்சின் இல்லை. இன்று வரை யாரும் வைக்கவும் இல்லை.